திரை பேசத் தொடங்கிய வரலாறு: ஜிடிகே கருவித்தொகுதியும் அணுகல்தன்மையும்

முன்னுரை

கணினித் திரை காண்பதற்குரியது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 'திரையைப் பாருங்கள்' என்றுதான் வகுப்பறையில் மாணவரிடம் சொல்கிறோம். 'திரையைக் கேளுங்கள்' என்று சொல்வதில்லை. ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளாக உலகெங்கும் பார்வையற்றோர் பலர் கணினித் திரையைக் கேட்டே கல்வி கற்று வருகின்றனர். அலுவல் பார்த்து வருகின்றனர். அவர்களுக்குத் திரையிலுள்ளதை எடுத்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். ஒரு மென்பொருள் இத்தகையோரும் பயன்படுத்தும் வகையில் அமைந்திருக்கும் பண்பே அணுகல்தன்மை எனப்படும்.

திரைவாசிப்பான் ஒன்று இருந்துவிட்டால் எல்லாம் நிறைவேறிவிடும் என்று கருதுவது இயல்பு. ஆனால் வாசிப்பதற்கு ஏதேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? திரையில் தோன்றும் பொத்தானும் பட்டியலும் படமாக மட்டுமே இருந்தால் திரைவாசிப்பான் எதை வாசிக்கும்? 'இது பொத்தான்; இதன் பெயர் சேமி; இப்போது இதை அழுத்தலாம்' என்று அதற்குச் சொல்பவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அதற்கு முதன்மைச் சான்றாக ஜிடிகே என்னும் இடைமுகக் கருவித்தொகுதியை எடுத்துக்கொள்கிறோம். லினக்ஸ் கணினிகளில் பெரிதும் வழங்கும் இக்கருவித்தொகுதியின் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாகத் திறந்தே கிடக்கிறது. மேலும், இருபது ஆண்டுக் காலத்திற்குள் அது தன் அணுகல்தன்மை அமைப்பை ஒருமுறை கட்டி, இருமுறை திருத்தி அமைத்திருக்கிறது. ஒரே வீட்டை மூன்று முறை கட்டியவரிடம் கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கும்.

எழுத்துத் திரையின் காலம்

1980களில் பரவலாக வழங்கிய டாஸ் கணினிகளின் திரை எழுத்துகளால் ஆனது. ஒரு வரிக்கு 80 எழுத்துகள், திரைக்கு 25 வரிகள். ஆக 2000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எழுத்து உள்ளது, அது எந்த நிறத்தில் உள்ளது என்னும் இரு செய்திகளும் கணினியின் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எனவே திரையிலுள்ளதை அறிய விரும்பும் நிரல் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. அந்நினைவகப் பகுதியைப் படித்துப் பேச்சுக் கருவிக்கு அனுப்பினாலே போதும்.

இவ்வழியில் உருவான முன்னோடிகளுள் ஒன்று ஐபிஎம் ஆய்வகத்தில் பிறந்தது. அங்குப் பணியாற்றிய ஜிம் தாட்சர் என்னும் கணித அறிஞருக்கு உடன் பணியாற்றியவர் ஜெஸ்ஸி ரைட். ரைட் பார்வையற்றவர், தாட்சரின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாகவும் இருந்தவர். 1980களின் நடுப்பகுதியில் தாட்சர் உருவாக்கிய மென்பொருளுக்கு ஐபிஎம் இட்ட பெயர் 'ஸ்கிரீன் ரீடர்'. ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு இட்ட அச்சிறப்புப் பெயரே நாளடைவில் இவ்வகை மென்பொருள் அனைத்திற்கும் பொதுப்பெயராகிவிட்டது. நாம் திரைவாசிப்பான் என்று வழங்குவதும் அதன் தமிழாக்கமே.

1989இல் அமெரிக்கரான டெட் ஹென்டரின் நிறுவனம் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1978இல் நேர்ந்த விபத்தில் பார்வையை இழந்து, பின்னர்க் கணினி நிரலாக்கத்தைக் கற்றவர். ஜாஸ் என்பது 'பேச்சின் வழி வேலைவாய்ப்பை எட்டுதல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். அப்பெயரில் வேலை என்னும் சொல் முதலிடம் பெற்றிருப்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். அலுவலகத் தாள்கள் கணினிக்குள் நுழைந்தபோது பார்வையற்றோருக்கு ஒரு புதிய கதவு திறந்தது. தாளில் அச்சிட்டதைப் படிக்க மற்றொருவரின் துணையை நாடியவர், எழுத்துத் திரையிலுள்ளதைத் தாமே படித்தார், தாமே எழுதினார், தாமே திருத்தினார்.

வரைகலைத் திரை தந்த நெருக்கடி

அக்கதவு விரைவிலேயே மூடத் தொடங்கியது. 1984இல் மெக்கின்டாஷ் கணினியும் 1990இல் விண்டோஸ் 3.0 பதிப்பும் வெளிவந்தன. சாளரம், சின்னம், பட்டியல், சுட்டி ஆகியவற்றால் ஆன புதிய இடைமுகம் பார்வையுடையோருக்குக் கணினியை எளிதாக்கியது. ஆனால் அத்திரையில் எழுத்து என்று எதுவும் இல்லை. இருந்தவை படப்புள்ளிகள் மட்டுமே. 'அ' என்னும் எழுத்தும் ஒரு குப்பைத்தொட்டியின் படமும் நினைவகத்தில் ஒரே தன்மையனவாக, வெறும் நிறப்புள்ளிகளாக நின்றன. பழைய முறைப்படி நினைவகத்தைப் படித்த திரைவாசிப்பானுக்குக் கிடைத்தது பொருளற்ற எண்களின் குவியலே. அலுவலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விண்டோஸுக்கு மாறியபோது, டாஸ் கணினியில் திறம்படப் பணியாற்றிய பார்வையற்றோர் தம் வேலையே பறிபோகும் என அஞ்சினர். அவர்களுடைய திறமை குறையவில்லை. அவர்களுக்கு முன்னிருந்த திரைதான் ஊமையாகிவிட்டது.

இந்நெருக்கடிக்கு முதல் விடை 1989இல் மெக்கின்டாஷில் கிடைத்தது. பெர்க்லி சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் வெளியிட்ட 'அவுட்ஸ்போக்கன்' வரைகலைத் திரையைப் பேசவைத்தது. அதற்கு அடிப்படையாக அமைந்த உத்தியைத் திரைக்கப்பாற்பட்ட மாதிரி எனலாம். செயலி ஒன்று 'இந்த இடத்தில் இந்த எழுத்தை வரை' என்று இயங்குதளத்திற்கு ஆணையிடும்போது, அவ்வாணை படப்புள்ளியாக மாறுவதற்கு முன்பே திரைவாசிப்பான் அதை இடைமறித்துக் குறித்துக்கொள்ளும். இவ்வாறு சேர்த்த குறிப்புகளைக்கொண்டு, திரையில் எங்கு என்ன உள்ளது என்னும் ஒரு வரைபடத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷ்வெர்ட்ஃபெகர் 1991 டிசம்பரில் 'பைட்' இதழில் எழுதிய கட்டுரை இவ்வுத்தியைப் பலரும் அறியச் செய்தது. இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம். இவ்வரலாற்றின் பிற்பகுதியில் இவரை மீண்டும் சந்திக்கப்போகிறோம்.

இம்முறை வியக்கத்தக்க அறிவுக்கூர்மை உடையது. எனினும் அதன் அடித்தளம் ஊகமே. செவ்வகம் ஒன்று வரையப்படுகிறது. அதனுள் 'சேமி' என்னும் சொல் வரையப்படுகிறது. அது பொத்தானா, தலைப்பா, விளம்பரமா? வரையும் ஆணையில் அதற்கு விடையில்லை. எழுத்துகளுக்குப் பின்னால் நீலநிறம் இருந்தால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட வரியாகலாம். வெறும் அழகுக்காகவும் இருக்கலாம். செயலி தன் எழுத்துகளையும் படமாகவே வரைந்துவிட்டால் திரைவாசிப்பான் முற்றிலும் வாயடைத்து நிற்கும். அடுத்த அறையில் நாற்காலி நகரும் ஓசையைக் கேட்டே அங்கு நடப்பதை அறிய முயல்வது போன்றது இது. பலவற்றை அறியலாம், உறுதியாகச் சொல்ல இயலாது.

உண்மையை அறிந்தவரைக் கேட்டல்

ஊகிப்பதை விடுத்து, உண்மையை அறிந்தவரைக் கேட்டால் என்ன? இக்கேள்வியே வரலாற்றின் திருப்புமுனை எனலாம். திரையிலுள்ள செவ்வகம் பொத்தான்தான் என்பதை உறுதியாக அறிந்த ஒன்று கணினிக்குள் இருக்கிறது. அதுவே கருவித்தொகுதி.

செயலி எழுதும் நிரலர் ஒவ்வொரு பொத்தானையும் கோடு கோடாக வரைவதில்லை. பொத்தான், எழுதும் பெட்டி, தேர்வுப்பெட்டி, பட்டியல், அட்டவணை முதலியவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும் தொகுதியிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறார். ஒரு கருவித்தொகுதியை ஆயிரக்கணக்கான செயலிகள் பயன்படுத்தலாம். ஆகவே அத்தொகுதி தன் உறுப்புகளைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டால், அதைக்கொண்டு எழுதப்பட்ட செயலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்.

இவ்வெண்ணத்தை முதலில் சோதித்தவர்களுள் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1990களின் தொடக்கத்தில் எலிசபெத் மைனட், கீத் எட்வர்ட்ஸ் ஆகியோர் மேற்கொண்ட 'மெர்க்கேட்டர்' திட்டம், யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர அமைப்பை ஒலிவழி அணுக முயன்றது. வரையும் ஆணைகளை மட்டும் இடைமறித்தால் போதாது, கருவித்தொகுதிக்குள்ளேயே கொக்கிகள் வேண்டும் என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர். 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'ஆக்டிவ் அக்செஸிபிலிட்டி' என்னும் இடைமுகத்தை வெளியிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமோ தன் ஜாவா மொழியின் 'ஸ்விங்' கருவித்தொகுதியிலேயே அணுகல்தன்மை இடைமுகத்தைச் சேர்த்தது. 1998 இறுதியில் வந்த ஜாவா 2 பதிப்பில் அது மொழியின் ஒரு பகுதியாகவே அமைந்தது. அப்பணியில் ஈடுபட்ட பீட்டர் கார்ன், முன்னர்ப் பெர்க்லி சிஸ்டம்ஸில் அவுட்ஸ்போக்கனை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஊகத்தின் எல்லையை நேரில் கண்டவரே, ஊகம் தேவைப்படாத வழியை அமைக்க முன்வந்தார்.

ஜிடிகேயில் முதற் கட்டுமானம்: 2002

ஜிடிகே ஒரு படத்திருத்தச் செயலிக்காகப் பிறந்தது. 1990களின் நடுவில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு பெர்க்லி மாணவர்கள் கிம்ப் என்னும் அச்செயலியை எழுதினர். அதற்கெனச் செய்த கருவித்தொகுதி தனியே வளர்ந்தது. 1997இல் மிகல் டி இகாசா, ஃபெடரிகோ மேனா ஆகியோர் தொடங்கிய க்னோம் திட்டம் அதைத் தன் அடித்தளமாக ஏற்றது. படம் வரைவோருக்காகப் பிறந்த தொகுதியின் முதல் வடிவமைப்பில் பார்வையற்றோர் இடம்பெறவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெரும்பாலான மென்பொருள்களின் பிறப்புக் கதையும் இதுவே.

மாற்றத்திற்குத் தூண்டுகோலாக அமைந்தவை இரண்டு. 1998இல் அமெரிக்கா தன் மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆம் பிரிவைத் திருத்தியது. கூட்டரசு அலுவலகங்கள் வாங்கும் மின்னணுப் பொருள்கள் உடற்குறையுடையோரும் பயன்படுத்தத்தக்கனவாக இருக்க வேண்டும் என்னும் அவ்விதி 2001இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையில், 2000இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் சோலாரிஸ் இயங்குதளத்திற்கு க்னோமை ஏற்கப்போவதாக அறிவித்தது. அரசுக்கு விற்க வேண்டுமாயின் அணுகல்தன்மை வேண்டும். அறவுணர்வோடு சட்டமும் வணிகமும் கைகோத்ததால் பணி விரைந்தது. 2002 ஜூனில் வெளிவந்த க்னோம் 2.0 பதிப்பில் அணுகல்தன்மைக் கட்டமைப்பு இடம்பெற்றது.

அக்கட்டமைப்பில் மூன்று அடுக்குகள் இருந்தன. முதலாவது ஏடிகே. திரையுறுப்பு ஒன்று தன்னைப் பற்றி என்னென்ன சொல்லவேண்டும் என்னும் வரையறை அது. இரண்டாவது கெயில். ஜிடிகேயின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவ்வரையறையை நிறைவேற்றிய தனிக்கூறு அது. மூன்றாவது ஏடி-எஸ்பிஐ. ஒரு செயலி சொல்வதை, வேறொரு நிரலாகிய திரைவாசிப்பானிடம் கொண்டுசேர்க்கும் தூதுவழி அது.

ஏடிகே கேட்கும் கேள்விகள் தமிழாசிரியர்களுக்கு அந்நியமாகத் தோன்றா. இவ்வுறுப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்கிறது: பொத்தானா, பட்டியலா, அட்டவணையா? அடுத்து இதன் பெயர் என்ன, இப்போது இதன் நிலை என்ன என்று கேட்கிறது: தேர்ந்தெடுக்கப்பட்டதா, அழுத்த இயலாததா, பார்வைக்கு மறைந்ததா? இதைக்கொண்டு என்ன செய்யலாம் என்பது அதன் வினை. எதனோடு எவ்வகையில் தொடர்புடையது என்பது அதன் உறவு. 'முகவரி' என்னும் சொல் ஒரு பெட்டியின் அருகில் இருப்பதைக் கண்ணுடையோர் கண்டவுடன் அச்சொல் அப்பெட்டிக்கு உரியது என உணர்வர். பார்வையற்றவருக்கு அந்த அருகாமை தெரியாது. 'இச்சொல் இப்பெட்டியின் பெயர்' என்று உறவாகவே எழுதிவைக்க வேண்டும். பெயர், பண்பு, வினை, அவற்றிடையே உறவு என்று ஒரு வாக்கியத்தை நாம் பகுத்துக் காட்டுவதுபோல, இங்கே ஒரு திரை பகுத்துக் காட்டப்படுகிறது.

இவற்றோடு, மாற்றம் நிகழும்போதெல்லாம் அறிவிக்கும் கடமையும் சேர்ந்தது. குவியம் ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தால், ஓர் எழுத்து தட்டப்பட்டால், எச்சரிக்கைச் சாளரம் தோன்றினால், உடனே செய்தி அனுப்பவேண்டும். இல்லையேல் திரைவாசிப்பான் பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இத்தூதுவழியில் முதலில் இயங்கிய திரைவாசிப்பான் நோப்பர்னிகஸ். அதனை அடுத்து, சன் நிறுவனத்தில் பணியாற்றிய பார்வையற்ற நிரலர் மார்க் மல்கஹி 'ஓர்கா' என்னும் திரைவாசிப்பானைத் தொடங்கினார். வில்லி வாக்கரின் தலைமையில் அது வளர்ந்தது. 2006 செப்டம்பரில் வந்த க்னோம் 2.16 பதிப்பில் ஓர்கா நோப்பர்னிகஸின் இடத்தைப் பெற்றது. திரைவாசிப்பான்களுக்குக் கடல்வாழ் உயிர்களின் பெயரைச் சூட்டும் மரபையொட்டி, சுறாவை நினைவூட்டும் ஜாஸுக்கு எதிரே ஒரு திமிங்கிலப் பெயர் நின்றது.

பூட்டும் திறவுகோலும்

இக்கட்டுமானம் பெருஞ்சாதனையே. ஆயினும் அதனுள் இரு குறைகள் இருந்தன. அவற்றை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

முதற்குறை, கெயில் தனிக்கூறாக இருந்தது. பயன்படுத்தாதவருக்குச் சுமை கூடாது, ஜிடிகேயின் மூலநிரலை மிகுதியாகக் கலைக்கக் கூடாது என்னும் நோக்கில் அவ்வாறு அமைத்தனர். அக்காலத்துக் கணினிகளின் வேகத்தை எண்ணினால் அது ஏற்கத்தக்க காரணமே. ஆனால் பொத்தானைத் திருத்துபவர் ஓரிடத்தில் பணியாற்ற, பொத்தானைப் பற்றிப் பேசும் நிரல் வேறோர் இடத்தில் இருந்தது. உறுப்பு மாறும், அதன் விவரிப்பு மாறாது. பாடநூல் புதுப்பிக்கப்பட்ட பின்னரும் பழைய ஆசிரியர் கையேட்டையே வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதற்கு இதனை ஒப்பிடலாம்.

இரண்டாங்குறை இன்னும் கூர்மையானது. க்னோம் 2 காலத்தில் அணுகல்தன்மை இயல்பாகவே இயங்கவில்லை. அமைப்புச் சாளரத்தைத் திறந்து, உரிய தேர்வுப்பெட்டியில் குறியிட்டு, கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது உயிர்பெறும். அந்தத் தேர்வுப்பெட்டியைக் காண யாருக்கு இயலும்? கண்ணுடையவருக்கே இயலும். திறவுகோலை அறைக்குள் வைத்து வெளியே பூட்டியதுபோல், பார்வையற்றவர் தம் கணினியைப் பேசவைக்கவே பார்வையுள்ள ஒருவரை நாடவேண்டியிருந்தது. எவரையும் நாடாது தாமே செயற்படுவது என்னும் நோக்கமே அந்த ஒரு குறியால் தடைப்பட்டது.

இரண்டாம் கட்டுமானம்: 2011

காலம் செல்லச் செல்ல ஏடி-எஸ்பிஐயின் தூதுவழி பழையதாயிற்று. அது கோர்பா என்னும் தொழில்நுட்பத்தைச் சார்ந்திருந்தது. க்னோமின் மற்ற பகுதிகள் டி-பஸ் என்னும் எளிய வழிக்கு மாறியபின், கோர்பாவை வைத்திருக்கக் காரணமாக எஞ்சியது அணுகல்தன்மை ஒன்றே. வீட்டார் அனைவரும் புதிய வழியே செல்ல, ஒருவருக்காக மட்டும் பழைய பாலத்தைப் பேணுவது நெடுநாள் நடவாது. எனவே டி-பஸ் வழியில் ஏடி-எஸ்பிஐ 2 புதிதாக எழுதப்பட்டது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3.0 பதிப்பு அதனை ஏற்றது.

இம்மாற்றம் நிகழ்ந்த வேளையிலேயே ஓர் இடி விழுந்தது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன் மைக்ரோசிஸ்டம்ஸை வாங்கியது. அதன்பின் நிகழ்ந்த ஆட்குறைப்பில் க்னோம் அணுகல்தன்மைப் பணியைத் தாங்கி நின்ற வல்லுநர்கள் வேலை இழந்தனர். ஓர்காவை வழிநடத்திய வில்லி வாக்கரும் அவர்களுள் ஒருவர். உலகெங்கும் பரவிய ஒரு வசதி, எத்துணைச் சிலரின் ஊதியத்தை நம்பி நின்றது என்பது அப்போதுதான் பலருக்குப் புலனாயிற்று. தன்னார்வலராக ஓர்காவுக்கு வந்த ஜோன்மேரி டிக்ஸ் பொறுப்பை ஏற்று, பல ஆண்டுகள் அதனைப் பேணி வளர்த்தார். திறந்த மூலநிரல் என்பதால் பணி அழிந்துவிடவில்லை. ஆனால் மூலநிரல் தானே தன்னைப் பேணிக்கொள்வதும் இல்லை.

இக்காலத்தில் முற்சொன்ன இரு குறைகளும் தீர்க்கப்பட்டன. தனிக்கூறாக இருந்த கெயில் ஜிடிகேக்குள்ளேயே இணைக்கப்பட்டது. 2012இல் வந்த க்னோம் 3.6 பதிப்பு முதல் அணுகல்தன்மை எப்போதும் இயங்கும் நிலையில் இருந்தது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே ஓர்கா பேசத் தொடங்கும். வெளியேறி மீண்டும் நுழைய வேண்டியதில்லை. திறவுகோல் ஒருவாறு அவர்தம் கைக்கே வந்து சேர்ந்தது.

மூன்றாம் கட்டுமானம்: 2020

2020 டிசம்பரில் ஜிடிகே 4 வெளிவந்தது. அதன் ஆக்குநர்கள் துணிவானதொரு முடிவை எடுத்தனர். பதினெட்டு ஆண்டுகள் பயன்பட்ட ஏடிகேயை முற்றாக நீக்கிவிட்டு, அதனிடத்தில் புதியதோர் இடைமுகத்தை அமைத்தனர். அதற்கான சொற்களை அவர்கள் புதிதாகப் படைக்கவில்லை; இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கென உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2014இல் தரமாக அறிவித்த ஏரியா என்னும் விவரிப்பு முறையிலிருந்து எடுத்துக்கொண்டனர். அத்தரத்தை உருவாக்குவதில் முன்னின்றவர்களுள் ஒருவர், 1991இல் 'பைட்' இதழில் எழுதிய அதே ரிச்சர்ட் ஷ்வெர்ட்ஃபெகர். ஒரு தலைமுறைக்குள், ஒரே மனிதரின் வாழ்நாள் பணியில், ஊகித்து அறிதல் என்னும் நிலையிலிருந்து உரைத்து அறிவித்தல் என்னும் நிலைக்கு இத்துறை வந்து சேர்ந்ததைக் காண்கிறோம்.

இம்முடிவுக்கும் விலை இருந்தது. பழைய இடைமுகத்தை நம்பித் தம் உறுப்புகளைத் தாமே வடிவமைத்த நிரலர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தாமே எழுத்துகளைக் கையாளும் உறுப்புகள் தம் உரையைத் திரைவாசிப்பானிடம் ஒப்படைப்பதற்கான பொது இடைமுகம் 2024இல் வந்த 4.14 பதிப்பில்தான் கிடைத்தது. முனையச் சாளரம் போன்றவற்றுக்கு அது இன்றியமையாதது. இடைப்பட்ட மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைப் பார்வையற்ற நிரலர் ஒருவரின் நிலையிலிருந்து எண்ணிப் பார்ப்போம். எதிர்காலத்திற்குச் சிறந்தது என்று அறிஞர் கருதிய மாற்றம், அவருக்கு அன்றாடத் தடையாகவும் இருந்தது. சீரமைப்பு வேண்டும், ஆனால் சீரமைக்கும் காலத்தில் யார் வெளியே நிற்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு நெடுநாள் குறையும் இருந்தது. ஜிடிகே விண்டோஸிலும் மேக் கணினியிலும் இயங்கும். ஆனால் அதன் தூதுவழி லினக்ஸ் உலகிற்கே உரியது. எனவே விண்டோஸில் ஓடிய ஜிடிகே செயலிகள் அங்குள்ள திரைவாசிப்பான்களுக்கு ஊமையாகவே இருந்தன. மேட் கேம்ப்பெல் தொடங்கிய அக்செஸ்கிட் என்னும் திட்டம், பல இயங்குதளங்களின் அணுகல் இடைமுகங்களுக்கும் ஒரே பொதுவழியைத் தருகிறது. 2025இல் வந்த ஜிடிகே 4.18 பதிப்பு அதனைச் சோதனை நிலையில் இணைத்துக்கொண்டது.

தமிழ்த் திரையும் தமிழ்ச் செவியும்

இவ்வரலாறு நடந்த களம் நம் நாடன்று. எனினும் அதன் பாடம் நம் எழுத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் முதலில் ஒற்றைக்கொம்பும், நடுவில் ககரமும், இறுதியில் காலும் வரையப்படுகின்றன. ஒருங்குறியிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரக்குறி என்னும் ஒலிவரிசையில் அது சேமிக்கப்படுகிறது. வரையப்படும் வடிவங்களை இடைமறித்து ஊகிக்கும் முறை இங்குத் தடுமாறும். கருவித்தொகுதியிடம் உரையைக் கேட்டுப் பெறும் முறையிலோ சரியான வரிசை அப்படியே கிடைக்கும். கண்ணுக்கு வரிசை வேறு, செவிக்கு வரிசை வேறு என்னும் இயல்பு கொண்ட எழுத்துமுறைக்கு, உரைத்து அறிவிக்கும் வழியே ஏற்றது.

ஒருங்குறி பரவுவதற்கு முன், எழுத்துருவை மாற்றித் தமிழைத் தோன்றச்செய்த பழைய முறைகளில் இச்சிக்கல் இன்னும் பெரிது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தோன்றும் சொல்லின் உள்ளே இருப்பவை ஆங்கில ஜே, கே, பி, ஓ ஆகிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானோ 'ஜே, கே, பி, ஓ' என்று சொல்லும். நம் பழைய ஆவணங்கள் பல இன்றும் இந்நிலையில் உள்ளன. அவற்றைச் சரியான ஒருங்குறிக்கு மாற்றுவது காப்பகப் பணி மட்டுமன்று. ஒரு வாசகர் கூட்டத்திற்குக் கதவைத் திறப்பதும் ஆகும்.

ஒருங்குறியில் எழுதினால் பயன் உடனே கிடைக்கும். ஜோனதன் டடிங்டன் உருவாக்கிய ஈஸ்பீக் பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் கட்டணமற்ற திரைவாசிப்பான் விண்டோஸில் அதனைப் பயன்படுத்துகிறது. இக்குரல் மனிதக் குரலின் இனிமையை எட்டாததாக இருக்கலாம்; ஆனால் நாம் எழுதியதை எழுதியவாறு சொல்லும். எழுதியது சரியாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே அதன் வேண்டுகோள்.

இங்கு மொழியறிந்தோரின் பங்கு தெளிவாகிறது. திரையுறுப்பின் வகைப்பெயரைத் திரைவாசிப்பான் பயனரின் மொழியிலேயே சொல்ல வல்லது. பொத்தான், தேர்வுப்பெட்டி, நகர்த்துபட்டை என்னும் சொற்களை நாம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுகிறோம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அவற்றைச் செவியால் கேட்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நீண்ட கலைச்சொல் ஒவ்வொரு முறையும் காலதாமதம். மயக்கம் தரும் கலைச்சொல் ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். கலைச்சொல்லாக்கத்தில் பொருட்செறிவு, இலக்கணத் தூய்மை ஆகியவற்றோடு, செவிக்குத் தெளிவு என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முடிவுரை

டாஸ் காலத்தின் 2000 கட்டங்களிலிருந்து ஜிடிகே 4 வரை வந்த வழியைத் திரும்பிப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. எழுத்துத் திரையைப் பார்வையற்றோர் அணுக முடிந்தது, எவரும் திட்டமிட்டதால் அன்று; தற்செயலாக. வரைகலைத் திரை அவர்களை வெளியே தள்ளியதும் எவருடைய தீய எண்ணத்தாலும் அன்று, எவரும் எண்ணாமையால். தற்செயலாகக் கிடைத்தது தற்செயலாகவே பறிபோயிற்று. அதனை மீண்டும் பெற, சட்டமும் நிறுவனங்களின் பொருளும் பார்வையற்ற நிரலர்களின் உழைப்பும், இருபது ஆண்டுகளுக்குள் மூன்று கட்டுமானங்களும் தேவைப்பட்டன. தொடக்கத்திலேயே பொத்தானுக்கு ஒரு பெயர் எழுதிவைப்பதற்கு ஆகும் உழைப்போ மிகச் சிறிது.

ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களும் அன்றாடம் திரைக்கென ஏதேனும் ஆக்குகிறோம்: பயிற்சித்தாள், படவில்லை, பள்ளி மலர், சிறு செயலி. செய்யுளைப் படமாக எடுத்து ஒட்டுகிறோமா, எழுத்தாகவே தட்டச்சு செய்கிறோமா? படத்திற்கு ஒரு வரி விளக்கம் சேர்க்கிறோமா? தலைப்பைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு நிற்கிறோமா, அது தலைப்பு என்று ஆவணத்திற்கும் சொல்கிறோமா? நிரலாக்கம் பயிலும் மாணவர் தாம் வரையும் ஒவ்வொரு சின்னத்திற்கும் ஒரு பெயர் இடுகிறாரா? வகுப்பில் பார்வையற்ற மாணவர் இன்று எவரும் இல்லை என்பது இதற்கு விடையாகாது. ஜிடிகேயை முதலில் எழுதியோரின் அறையிலும் அன்று எவரும் இருந்திருக்கமாட்டார். பின்னர் வருபவர் கதவைத் தட்டும்போது, அது உள்ளிருந்து பூட்டப்படாமல் இருக்கவேண்டும். அதற்கான பணி, அவர் வருவதற்கு முன்பே செய்யப்படுவது.